ஒரு எக்ஸாபைட் எத்தனை டன்?

பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருந்தார். ஹார்ட் டிஸ்க்கில் டேட்டா நிறைய நிறைய எடை கூடுமா? பெரிய கம்பெனிகள் எக்ஸாபைட் கணக்கில் சேர்த்து வைக்கிறார்களே, அதெல்லாம் எத்தனை டன் இருக்கும்? அப்புறம், செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்டோரேஜ் ரேக் (டிஸ்க் பெட்டிகளை அடுக்கும் இரும்புச் சட்டம்) மலிவாக வருகிறது, எங்கள் வீட்டு மாடியில் வைக்கலாமா?

துறைமுகத்தில் இறங்கும் ரேக், யு.பி.எஸ்., ஜெனரேட்டர் எல்லாவற்றையும் மாதவரம், ரெட்டேரி, பாடி வழியாக அம்பத்தூர் டேட்டா சென்டர்களுக்குக் கொண்டுபோய், நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்திக் கொடுப்பது என் தொழில். அதனால் மூன்றாவது கேள்விதான் எனக்கு நெருக்கமானது. ஆனாலும் வரிசையாகவே போவோம்.

தம்பி, ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் எடை கூடுவதில்லை. உள்ளே சுழலும் தட்டுகளின் மேல் ஒரு காந்தப் படலம் பூசியிருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு துளி இடமும் இந்தத் திசையிலோ அந்தத் திசையிலோ காந்தமாகி நிற்கிறது. கடையில் வாங்கிய புது டிஸ்க்கிலும் அந்தப் படலம் முழுசாகவே இருக்கிறது. எழுதும்போது திசைதான் மாறுகிறது, பொருள் எதுவும் சேர்வதில்லை.

போன், பென் டிரைவ், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றில் எலக்ட்ரான்களைக் குட்டிக் குட்டி அறைகளில் அடைத்து வைக்கிறார்கள். அப்படியானால் எலக்ட்ரான் எடை கூடுமே என்று தோன்றும். அவை வெளியிலிருந்து வருவதில்லை. அதே சில்லுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்கின்றன, அவ்வளவுதான். கொஞ்சம் ஆற்றல் சேர்கிறது. ஐன்ஸ்டைன் கணக்குப்படி ஆற்றலுக்கும் நிறை உண்டு, ஒளி வேகத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். இதைவிட வேடிக்கை உங்கள் போன் பேட்டரிதான். 5,000 எம்.ஏ.எச். பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்தால் சுமார் 69,000 ஜூல் உள்ளே போகிறது. அதன் நிறை ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கில் முக்கால். போன் நிறைய வீடியோ ஏற்றினால் சேரும் நிறை, அதிலும் கோடிக்கணக்கில் ஒரு பங்குதான். எந்தத் தராசிலும் தெரியாது.

டிஸ்க்கின் எடையை உண்மையில் மாற்றுகிற ஒரு சமாச்சாரம் உண்டு. 2013 முதல் பெரிய கொள்ளளவு டிஸ்க்குகளில் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்து சீல் வைத்துக் கொடுக்கிறார்கள். அதனால் ஒரு டிஸ்க்குக்குக் கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு எடை குறையும். எடைக்காகச் செய்ததல்ல, தட்டு சுழலும்போது இழுவை குறையட்டும் என்று செய்தது. இழுவை குறைந்தால் தட்டை மெலிதாக்கலாம், அதே பெட்டிக்குள் இன்னும் ஒன்றிரண்டு தட்டு கூடுதலாக நுழைக்கலாம். ஆக, உள்ளே அடைத்த வாயுவின் எடை வித்தியாசம்கூட, எழுதிய டேட்டாவின் எடையைவிடக் கணக்கில்லாத மடங்கு பெரிது.

சரி, இப்போது டன் கணக்குக்கு வருவோம். ஒரு எக்ஸாபைட் என்பது 10 லட்சம் டெராபைட். டேட்டா சென்டரில் போடும் 20 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்று ஏறக்குறைய 690 கிராம். 50,000 டிஸ்க் வேண்டும், அதாவது 34.5 டன். பெட்டி, கம்பி, இரும்பு எதுவும் சேர்க்காமல், வெறும் டிஸ்க்குகள் மட்டும்.

எங்கள் தொழிலில் கண்டெய்னர் இரண்டு விதமாக நிறையும். பஞ்சு மாதிரி சரக்கு என்றால் இடம் முதலில் தீரும். கிரானைட் மாதிரி என்றால் பாதி இடம் காலியாக இருக்கும்போதே எடை தீர்ந்துவிடும். ஹார்ட் டிஸ்க் கிரானைட் ஜாதி. 50,000 டிஸ்க்கை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் 20 கன மீட்டருக்குள் அடங்கிவிடும். 20 அடி கண்டெய்னரின் உள்ளளவோ 33 கன மீட்டர். இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் கண்டெய்னரையும் சேர்த்து மொத்த எடை 30.48 டன்னைத் தாண்டக் கூடாது. 2016 ஜூலை 1 முதல், எடையைச் சரிபார்த்துச் சொல்லாமல் எந்த ஏற்றுமதிக் கண்டெய்னரும் கப்பலில் ஏற முடியாது. எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் உங்கள் எக்ஸாபைட் முதல் சுற்றிலேயே திரும்பி வந்துவிடும். இரண்டு டிரெய்லர் வேண்டும். நடைமுறையில் விலை கூடிய இந்தச் சரக்கு விமானத்தில் வருவதே அதிகம், கப்பலில் வருவது ரேக்கும் கனமான மற்ற இயந்திரங்களும்தான். கணக்கு மட்டும் எங்கே போனாலும் மாறாது.

இது ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் எப்படி என்று கேட்டால், ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடம் 2023 செப்டம்பரில் தங்கள் டிஸ்க் சேமிப்பு ஒரு எக்ஸாபைட்டைத் தாண்டியதாக அறிவித்தது. அங்கே இருந்தவை சுமார் 1,11,000 சாதனங்கள், பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்குகள். என் கணக்கில் 50,000, அவர்களிடம் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். காரணம் எளிது: யாரும் ஒரே நாளில் கடைக்குப் போய் எக்ஸாபைட் வாங்குவதில்லை. வருஷா வருஷம் சேர்த்ததில் சின்னக் கொள்ளளவு டிஸ்க்குகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 4 டி.பி. டிஸ்க்கும் ஏறக்குறைய அதே எடைதான், 30 டி.பி. டிஸ்க்கும் அதே எடைதான். பெட்டியின் அளவை மாற்றாமல் உள்ளே அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். 30 டி.பி. போட்டால் அதே எக்ஸாபைட் 23 டன்னுக்கு இறங்கிவிடும்.

பழைய காலத்துக்குப் போனால் தலை சுற்றும். 1956ல் ஐ.பி.எம். கொண்டுவந்த ராமாக் கணினியின் டிஸ்க் பெட்டியில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். எடை சுமார் ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், இன்றைய கணக்கில் நாலு எம்.பி.கூட வராது. உங்கள் கேமராவில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்காது. துளை அட்டை இன்னும் மோசம். ஒரு அட்டையில் 80 எழுத்து, எடை சுமார் 2.4 கிராம். ஒரு ஜி.பி.யை அட்டையில் குத்தி வைக்க 1 கோடியே 25 லட்சம் அட்டை வேண்டும், கூட்டினால் 30 டன். அதாவது, முன்பு ஒரு ஜி.பி. பிடித்திருக்கக்கூடிய அதே டன் கணக்கில் இன்று ஒரு எக்ஸாபைட் உட்காருகிறது. நடுவே நூறு கோடி மடங்கு வித்தியாசம்.

நான் கொஞ்சம் உட்கார்ந்து போட்டுப் பார்த்த கணக்கு ஒன்று. 34.5 டன்னில் டேட்டா உண்மையிலேயே எழுதப்படுகிற பகுதி எவ்வளவு? 20 டி.பி. டிஸ்க்கில் 9 அல்லது 10 தட்டு இருக்கும், இரண்டு பக்கமும் பூச்சு. எழுதும் படலத்தின் தடிமனை 20 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு டிஸ்க்கில் அந்தப் படலம் மொத்தமும் 20, 25 மில்லிகிராம்தான் வருகிறது. 50,000 டிஸ்க்குக்கும் சேர்த்து ஒரு கிலோ சொச்சம். மீதி 34 டன் சொச்சம் முழுக்க அலுமினியக் கூடு, மோட்டார், காந்தம், தட்டு, திருகு. காசிமேட்டில் வெளியூருக்கு அனுப்பும் மீன் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: கையில் கனப்பதில் ஐஸும் பெட்டியும் பெரும்பங்கு. டேட்டாவில் அந்த விகிதம் பல்லாயிரம் மடங்கு மோசம்.

கூட்டை மாற்றினால் எடையும் மாறிவிடும். டேட்டா சேமிக்கும் காந்த நாடாவான எல்.டி.ஓ.-9 டேப் ஒன்று 18 டி.பி. பிடிக்கும், எடை சுமார் 200 கிராம். அதில் எக்ஸாபைட் 11 டன். ஒரே 20 அடி கண்டெய்னரில் இடமும் எடையும் சரியாக அடங்கும். மோட்டாரும் மூளையும் டேப்பில் இல்லை, படிக்கும் டிரைவில் இருக்கின்றன என்பதுதான் ரகசியம். இப்போது 122 டி.பி. எஸ்.எஸ்.டி. வந்திருக்கிறது. ஒன்று 200 கிராம் என்று தாராளமாக வைத்தாலும் எக்ஸாபைட் 1.6 டன்தான். 1 டி.பி. மைக்ரோ எஸ்.டி. கார்டு கால் கிராம். 10 லட்சம் கார்டு 250 கிலோ. குட்டி யானை வண்டியில் போட்டு மின்ட் தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம், பாதி வண்டிகூட நிறையாது. ஆனால் பத்து லட்சம் கார்டை யார் எதில் சொருகிப் படிப்பது? 2017ல் ஓர் ஆய்வில் டி.என்.ஏ.யில் கிராமுக்கு 215 பெட்டாபைட் (ஒரு பெட்டாபைட் ஆயிரம் டெராபைட்) என்ற அடர்த்தியை எட்டினார்கள். அந்த விகிதத்தில் எக்ஸாபைட் 5 கிராமுக்குள். எழுதும் செலவும் வேகமும் இன்னும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை, அதனால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இவ்வளவு கனம் என்றால் கேபிளில் அனுப்பிவிட வேண்டியதுதானே என்பீர்கள். நொடிக்கு 10 கிகாபிட் போகும் இணைப்பு ஒன்றை இரவு பகலாக ஓட்டினாலும் ஒரு எக்ஸாபைட் போய்ச் சேர 25 வருஷம் ஆகும். இதைப் பார்த்துத்தான் அமேசான் 2016ல் ஸ்னோமொபைல் என்று ஒன்றை இறக்கியது. 45 அடி கண்டெய்னர், உள்ளே 100 பெட்டாபைட் டிஸ்க், இழுத்துப் போக டிரெய்லர். வாடிக்கையாளர் வாசலில் நிறுத்தி, நிரப்பி, ஓட்டிக்கொண்டு போவார்கள். 2024ல் அதை நிறுத்திவிட்டார்கள். கையில் தூக்கும் பெட்டி வகை சேவை அதைவிட அதிக நாள் ஓடியது. என்னைக் கேட்டால், டேட்டா எப்போதும் காற்றில் பறக்கிறது என்று நினைப்பவர்களுக்கு அந்த லாரியின் படத்தைக் காட்டினால் போதும்.

இனி ரேக். டிஸ்க்குகள் தனியாகப் படுத்திருப்பதில்லை. 4 யு (யு என்பது ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு) உயரமுள்ள ஒரு பெட்டியில் 102 டிஸ்க் நிற்கவைத்து அடுக்குகிற வகை உண்டு. டிஸ்க் மட்டும் 70 கிலோ, பெட்டியோடு 115 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸாபைட்டுக்கு இப்படி 490 பெட்டி, 56 டன். ரேக், சர்வர், பவர் பட்டை, கேபிள் சேர்த்தால் 70 டன் பக்கம் போய்விடும். இதோடு விடுவார்களா? டிஸ்க் செத்தால் டேட்டா போகக் கூடாதே. பேக்பிளேஸ் என்ற நிறுவனம் 17 பங்கு டேட்டாவுக்கு 3 பங்கு காப்பு என்ற கணக்கில் 20 பெட்டிகளில் பிரித்து வைக்கும் முறையைப் பயன்படுத்தியிருக்கிறது. அந்த முறையில் 82 டன். மூன்று முழுப் பிரதி என்று வைப்பவர்களுக்கு 210 டன்.

எடையின் உண்மையான சண்டை தரையோடுதான். அப்படி நிரப்பிய ஒரு ரேக் 1,100 கிலோவுக்குக் குறையாது. அது நிற்கும் இடம் 60 சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் ஆழம். சதுர மீட்டருக்கு 1,500 கிலோ. நம் நாட்டில் வீடு கட்டும்போது தரை தாங்க வேண்டிய சுமையாக இந்தியத் தர விதி சொல்வது சதுர மீட்டருக்கு 200 கிலோ. ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். ரேக்குகளுக்கு நடுவே நடக்க இடம் விடுவதால் சராசரி கொஞ்சம் இறங்கும். இருந்தாலும் டேட்டா சென்டர் தளத்தை வீட்டுத் தளம் மாதிரி யாரும் போடுவதில்லை.

அதைவிட நுணுக்கம் சக்கரத்தில் இருக்கிறது. 1,100 கிலோவும் நாலு காஸ்டர் சக்கரத்தில் இறங்கும்போது ஒவ்வொன்றின் கீழும் 275 கிலோ, ஒரு தீப்பெட்டி அகலம்கூட இல்லாத இடத்தில். உயர்த்திப் போட்ட தரையில் டைல் 60க்கு 60 சென்டிமீட்டர். ஓர் ஓரத்தில் சக்கரம் ஏறினால் டைல் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். அதனால் வழி நெடுக இரும்புத் தகடு விரித்து, அதன் மேல்தான் உருட்டுவோம். முன்னால் ஒருவர் குனிந்தபடியே தகடு சேரும் இடத்தைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பார். அந்த ஆள் கை தூக்கினால் எல்லோரும் நிற்க வேண்டும், மேனேஜர் உட்பட. டிஸ்க்கை அடியிலிருந்து மேலே நிரப்புவதுதான் முறை. மேலே நிரப்பிவிட்டு அந்தப் பெட்டியை டிராயர் மாதிரி முன்னால் இழுத்தால் ரேக்கே முன்னால் சாயும். ஒரு நேரத்தில் ஒரு டிராயர்தான் இழுக்கலாம் என்று பூட்டே வைத்திருப்பார்கள்.

டிஸ்க் கனம் என்று நினைத்தால் பேட்டரி அறையைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 100 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரி ஒன்று 30 கிலோ. யு.பி.எஸ்.ஸுக்கு ஒரு வரிசை என்றால் 40 பேட்டரி, 1,200 கிலோ. அப்படிப் பல வரிசை. 50,000 டிஸ்க் சுழலவே 400 கிலோவாட் பக்கம் மின்சாரம் வேண்டுமே! ஜெனரேட்டர் ஒவ்வொன்றும் 10 டன்னைத் தாண்டும், ஹைட்ரா கிரேன் போதாமல் பெரிய கிரேன் வரவழைப்போம். 10,000 லிட்டர் டீசல் தொட்டியில் டீசல் மட்டும் எட்டரை டன். 2015 வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் பிறகு, இந்தக் கனத்தையெல்லாம் தரைமட்டத்தில் வைக்கக் கூடாது, மேலே ஏற்று என்கிறார்கள். சென்னையில் கனமான சாமானைக் கட்டட இன்ஜினியர் கீழே இழுப்பார், வெள்ளம் மேலே தள்ளும். இடையில் மாட்டுவது நாங்கள்.

செத்த டிஸ்க்குகளின் கதை சுருக்கம். காயலான் கடைக்கு அப்படியே போகாது. டேட்டா வெளியே போய்விடுமே என்று அரைத்துத் துண்டாக்கி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கிலோ கணக்கில் கொடுப்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளும் பதிவு பெற்றவர்களிடம்தான் கொடுக்கச் சொல்கின்றன. கூட்டின் அலுமினியத்துக்கும் உள்ளிருக்கும் நியோடிமியம் காந்தத்துக்கும் அங்கே மதிப்பு உண்டு.

இப்போது உங்கள் மாடி. மண்ணடியில் பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இருந்த ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கீழ்க் கடைக்காரர் தன் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது, மேலே இருக்கும் சர்வரால்தான் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சர்வர் 40 கிலோதான். அதற்குப் பக்கத்து மூலையில், இரண்டு அடுக்கு இரும்பு ஸ்டாண்டில் 16 டியூபுலர் பேட்டரி. ஒன்று 60 கிலோ வீதம் 960 கிலோ, ஒரு கட்டில் அகல இடத்தில். கீழே போய் அண்ணாந்து பார்த்தால் இரண்டு உத்தரங்களுக்கு நடுவே சரியாக அந்த மூலைக்கு நேர் கீழே செங்கல் வரிசை தொய்ந்திருந்தது. பேட்டரியை இறக்கியதும் பிரச்சினை தீர்ந்தது. சர்வர் அங்கேயே இருக்கிறது.

உங்கள் வீடும் பழைய வீடு என்றால் மெட்ராஸ் டெரஸாக இருக்க வாய்ப்பு அதிகம்: தேக்கு உத்தரம், அதன் மேல் நெட்டுக்கு நிறுத்திய செங்கல், சுண்ணாம்பு. அதற்கு 200 கிலோ விதியெல்லாம் உத்தரவாதம் கிடையாது. உத்தரத்தின் நுனி சுவருக்குள் நுழைகிற இடத்தைக் கரையான் தின்றிருக்கிறதா, ஈரம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், டிஸ்க் விலையோடு ஒப்பிட்டால் அவர் ஃபீஸ் ஒன்றுமில்லை.

உங்கள் தேவைக்கு 24 டிஸ்க் போடும் ஒரு பெட்டி போதும். டிஸ்க் 17 கிலோ, பெட்டியோடு 45, 50 கிலோ. அரை உயர ரேக்கோடு சேர்த்தாலும் 150 கிலோவுக்குள் முடிந்துவிடும். சுமை தாங்கும் சுவரை ஒட்டி, இரண்டு மூன்று உத்தரங்களின் மேல் குறுக்காக ஒரு பலகை போட்டு அதன் மேல் நிறுத்துங்கள், நடுக் கூடத்தில் வேண்டாம். பேட்டரியைக் கண்டிப்பாகக் கீழே வையுங்கள், 2023 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு மேலே ஒரு ஆங்கிள் ஸ்டாண்ட் அடித்து. 42 யு ரேக்கை நிரப்பி மாடியில் வைக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வாங்கும் முன் படிக்கட்டையும் அளந்துவிடுங்கள். 42 யு ரேக் 2 மீட்டர் உயரம். நம் பக்கத்துப் பழைய வீட்டுப் படி திரும்பும் இடத்தில் அது திரும்பாது, அப்புறம் பால்கனி கிரில்லை அறுத்துக் கயிறு கட்டி ஏற்ற வேண்டி வரும். டிஸ்க்குகளைக் கழற்றி, எந்தத் துளையில் எது இருந்தது என்று எண் ஒட்டி, தனியாக ஸ்பாஞ்ச் போட்ட பெட்டியில் ஏற்றுங்கள். வெறும் பெட்டியை இரண்டு பேர் சுலபமாகத் தூக்கிவிடலாம்.